ஒரு சேவர், ஒரு உள் டிஸ்க், மூன்று வீஎம்: பக்கப்புக்கு எந்த வழி?

பழைய அலுவலகக் கணினி ஒன்றில் பக்கப்பை (காப்புப் பிரதியை) இறக்கி எழுப்பியபோது, முந்திய நாள் பின்னேரம் வந்த கடைசி லொறியின் நிறை தராசுத் திரையில் அப்படியே நின்றது. வெறும் டிஸ்கில் இருந்து அந்த இடத்துக்கு வர ஒரு மணி 25 நிமிடம் பிடித்தது. அதற்கு முன் மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்து இரண்டைக் கழற்றி வைத்தாயிற்று. ஒற்றைச் சேவரில், உள்ளே இருக்கும் டிஸ்கிலேயே வீஎம் (ஒரு கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும்.

இடம் பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலை அலுவலகம். சேவர் என்று சொல்வது 6 கோர், 32 ஜீபி நினைவகம், 1 ரீபி என்விஎம்ஈ (வேகமான உள் டிஸ்க்) ஒன்று போட்ட டவர் கணினி. அதில் வீஎம்களை ஓட்டும் மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் வீஈ 8.4. வீஎம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 101 விண்டோஸ், கணக்குப் பொதி ஓடுவது: 120 ஜீபி ஒதுக்கி 68 பாவனையில். 102 டெபியன், லொறித் தராசின் பதிவுகள் மரியாடிபி தரவுத்தளத்தில்: 40 ஒதுக்கி 11. 103 பைல் சேவர், ஸ்கான் செய்த பற்றுச்சீட்டும் படமும்: 300 ஒதுக்கி 140. தனிப் பக்கப் சேவர் வாங்கக் காசு இல்லை. இணையம் 4ஜி ரூட்டர். மேலேற்றும் வேகம் நல்ல நாளில் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்). அந்த வேகத்தில் 60 ஜீபி ஏற்றவே கிட்டத்தட்ட 27 மணித்தியாலம். ஆகவே முழு வீஎம்மையும் கிளவுட்டுக்கு அனுப்பும் கதை அங்கேயே முடிந்தது.

புரொக்ஸ்மொக்ஸை நிறுவிய கையோடு பக்கப் பொத்தானை அழுத்தினால், அது ‘லோக்கல்’ என்ற இடத்துக்குப் போகும். அது புரொக்ஸ்மொக்ஸே இருக்கும் ரூட் பகுதிக்குள்ளே இருக்கிறது. 1 ரீபி டிஸ்கில் நிறுவும் நிரல் ரூட்டுக்கு 96 ஜீபிதான் ஒதுக்கிற்று. மிச்சம் பெரும்பாலும் ‘லோக்கல்-எல்விஎம்’ என்ற தின் பூலுக்கு (எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும் வீஎம் சேமிப்பிடத்துக்கு) போயிற்று. 103 அதற்குள் அடங்கவே அடங்காது. அடங்கினாலும் அதே டிஸ்க். டிஸ்க் போனால் வீஎம்மும் பக்கப்பும் சேர்ந்தே போகும்.

அடுத்தது ஸ்னாப்ஷொட், அதாவது வீஎம் அந்த நொடியில் இருந்த நிலையை அதே பூலில் பிடித்து வைப்பது. தின் பூலில் ஸ்னாப்ஷொட் எடுப்பது நொடிக் கணக்கு, அதனால் கை தன்பாட்டில் அதற்குத்தான் போகும். ஒவ்வொரு இரவும் நினைவக நிலையோடு சேர்த்து மூன்று வீஎம்முக்கும் எடுத்து வைத்ததில், 26 வீதத்தில் இருந்த பூல் 11 நாளில் 58 வீதத்துக்கு ஏறியது. காரணம் இரண்டு. ஸ்னாப்ஷொட் இருக்கும்வரை பழைய புளொக்குகள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) விடுபடாது. விண்டோஸ் அப்டேற்றும் பேஜ் பைலும் எழுதுவதெல்லாம் புதிய இடத்தில் போய்க் குந்தும். இரண்டாவது, நினைவக நிலையைச் சேமிப்பதற்கே 101க்கு ஒவ்வொரு முறையும் பல ஜீபி. பூல் 100 வீதம் தொட்டால் புதிதாக எழுத இடமின்றி வீஎம் ‘ஐஓ-எரர்’ காட்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் கோப்பு முறைமையும் காயப்படலாம். அதற்கு முன்னமே எல்லா ஸ்னாப்ஷொட்டையும் அழித்தாயிற்று. கணக்குப் பொதிக்கு அப்டேற் போடும் முன் ஒரு ஸ்னாப்ஷொட், அப்டேற் சரியென்றால் அன்றே அழிப்பது: இப்போது அதன் பாவனை அவ்வளவுதான்.

பிறகு புரொக்ஸ்மொக்ஸ் பக்கப் சேவர், பக்கப்புகளை வாங்கி வைக்கும் தனி மென்பொருள். பொருள் நல்ல பொருள். டிஸ்க் படத்தை (வீஎம் டிஸ்கின் முழுப் பிரதியை) 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒரு தரம் மட்டும் வைக்கும். வீஎம் ஓடிக்கொண்டே இருந்தால், முந்திய பக்கப்புக்குப் பிறகு எந்தப் புளொக் மாறியது என்று வீஎம்மை ஓட்டும் கீயெமு நிரல் குறித்து வைத்திருக்கும். அவற்றை மட்டும் வாசித்து அனுப்பும். வீஎம்மை முழுதாக நிறுத்தி எழுப்பினால் அந்தக் குறிப்பு அழியும். அன்று முழு டிஸ்கையும் வாசிக்கும், ஆனால் அனுப்புவது மாறிய துண்டுகளை மட்டும்தான். முதல் நாள் போக, ஒரு நாளுக்கு 2 முதல் 4 ஜீபிதான் ஏறியது. தனிக் கோப்பு ஒன்றை மட்டும் திறந்து எடுக்கலாம் என்பது கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த வசதி.

சிக்கல், அதை ஓட்டத் தனி மிசின் இல்லை. அதே சேவரில் நான்காவது வீஎம்மாகப் போட்டு, யூஎஸ்பி டிஸ்கை அதற்குக் கொடுத்து மூன்று கிழமை ஓடியது. கூட்டைத் திறக்கும் சாவியைக் கூட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. சேவர் செத்தால், முதலில் புதிய மிசின், அதில் புரொக்ஸ்மொக்ஸ், அதில் பக்கப் சேவர், அதற்கு டிஸ்கைக் காட்டுவது, பிறகுதான் மீட்பு. முடியாத வேலை அல்ல. பக்கப்புகள் கிடக்கும் டேட்டாஸ்ரோர் அடைவு முழுதாக இருந்தால் புதிதாக நிறுவிய பக்கப் சேவரிலும் அதை மீண்டும் சேர்க்கலாம். ஆனால் அறுவடை நேரத்தில், லொறி வரிசையில் நிற்க, கரண்டும் வந்து வந்து போக, இத்தனை படி ஏற ஒருவருக்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். அதோடு, ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள் சுழலும் டிஸ்கில் சிதறிக் கிடப்பதால் குப்பை சேகரிப்பும் (தேவையற்ற துண்டுகளை அழிப்பது) சரிபார்ப்பும் மணிக்கணக்கில் இழுத்தன. மீட்கும்போதும் டிஸ்கின் வாசிப்புத் தலை அங்குமிங்கும் ஓடும். குறியாக்கம் போட்டிருந்தால் அந்தச் சாவிக் கோப்பையும் வேறிடத்தில் வைக்க வேண்டும். அது செத்த சேவரில் மட்டும் இருந்தால் டிஸ்க் முழுக்க வெறும் இரைச்சல். தனி மிசின் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

மிஞ்சியது புரொக்ஸ்மொக்ஸோடு வரும் பக்கப் நிரலான வீஇசட்டம்ப். பழசு, முரட்டுத்தனம், ஒவ்வொரு முறையும் முழுப்படம். ஆனால் ஒரு வீஎம்முக்கு ஒரு கோப்பு, அந்த வீஎம்மின் அமைப்பும் அதற்குள்ளேயே. எந்தப் புரொக்ஸ்மொக்ஸிலும் செருகி ஒரே கட்டளையில் எழுப்பலாம். 2 ரீபி வெளி டிஸ்க் இரண்டு வாங்கியது, ஒன்று 28,500 ரூபா. மென்பொருளுக்குச் செலவில்லை.

தொடங்கும் முன் வீஎம்களுக்குள் இரண்டு வேலை. முதலாவது கெஸ்ட் ஏஜென்ற்: வீஎம்முக்குள் ஓடி, பக்கப் தொடங்கும் நொடியில் டிஸ்கில் எழுதுவதைச் சற்று நிறுத்தும் சின்ன நிரல். விண்டோஸுக்கு வேர்ட்ஐஓ ஐஎஸ்ஓவில் இருந்து டிரைவரும் ஏஜென்றும், டெபியனுக்கு ஏப்ற் கட்டளை வழியாகப் பொதி. வீஎம்மின் தெரிவுகளில் ஏஜென்றை இயக்கிய பிறகு வீஎம்மை முற்றாக நிறுத்தி எழுப்ப வேண்டும். உள்ளிருந்து ரீஸ்ரார்ட் கொடுத்தால் அது பிடிக்காது. பக்கப் லொக்கில் (பதிவுக் கோப்பில்) ‘எப்எஸ்-பிரீஸ்’ கட்டளை அனுப்பப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள். அந்த இடத்தில் ‘ஸ்கிப்பிங்’ என்று இருந்தால், ஏஜென்ற் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கப் கரண்ட் திடீரென்று போன நொடியில் டிஸ்க் இருந்த நிலைக்குச் சமம். மரியாடிபியின் இன்னோடிபி வகை அட்டவணைகள் பெரும்பாலும் அதில் இருந்து எழும்பிவிடும், பழைய மையிசாம் வகை அட்டவணைகளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. 101 இல் இரண்டு கிழமையாக இந்த ‘ஸ்கிப்பிங்’ வரி வந்துகொண்டே இருந்தது. வேலை ‘ஓகே’ என்று முடிவதால் யாரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, டிஸ்கார்ட். அழித்த கோப்பின் இடத்தைப் பூலுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால், குப்பையும் பக்கப்பில் ஏறும். டிஸ்கை வேர்ட்ஐஓ ஸ்கஸிக்கு மாற்றி, டிஸ்கார்ட் குறியைப் போட்டு, டெபியனில் எப்எஸ்ட்ரிம், விண்டோஸில் டிரைவ் ஒப்டிமைஸ் ஓடவிட்டதும், 101 இன் பக்கப் 57 ஜீபியில் இருந்து 41க்கு இறங்கியது. ஸெட்எஸ்ரிடி சுருக்கத்தோடு 102 வெறும் 3 ஜீபி. 103 ஏமாற்றிவிட்டது: 140 கொடுத்தால் 128. ஜேபெக்கும் பிடிஎப்பும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றை இன்னும் பிழிய முடியாது. மொத்தம் 172 ஜீபி.

இதை வைத்தே எத்தனை நாள் வைப்பது என்று கணக்குப் போட வேண்டும். வீஇசட்டம்ப் புதியதை எழுதி முடித்த பிறகுதான் பழையதை அழிக்கும். ஏழு வைக்கச் சொன்னால் எட்டுக்கு இடம் வேண்டும்: 8 x 172 = 1376 ஜீபி. 2 ரீபி டிஸ்கில் அடங்கும். டிஸ்கின் ஈஎக்ஸ்ரி4 கோப்பு முறைமை தானாக ஒதுக்கி வைக்கும் 5 வீதத்தை, அதாவது 100 ஜீபியை, ரியூன்2எப்எஸ் கட்டளையால் பூச்சியமாக்கி மீட்டுக்கொள்ளலாம். பக்கப் டிஸ்குக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை.

வேகத்தில் முதல் பிழை, டிஸ்கை முன்பக்கத்துப் போட்டில் செருகியது. அது யூஎஸ்பி 2. நொடிக்கு 35 எம்பிக்கு மேல் ஏறவில்லை. முழு வேலை ஒரு மணி 31 நிமிடம். பின்பக்க நீலப் போட்டுக்கு மாற்றியதும் 110 எம்பி, 38 நிமிடம். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அது 70, 75 நிமிடமாகியிருந்தது. 2.5 அங்குலச் சின்ன டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர்: தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. வெறும் டிஸ்கில் வேகமாக எழுதும். பழையதை அழித்த இடத்தில் மேலெழுதத் தொடங்கியதும் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டி 25, 30 எம்பிக்கு விழும். முதல் இரவின் நேரத்தை வைத்து யாரும் நேரசூசி போடாதீர்கள்.

மெதுவான டிஸ்க் இரவில் மட்டும் வேலை செய்தால் பரவாயில்லை. காலபோக அறுவடையில் ஆலை இரவிலும் ஓடும். மாலை 7 மணிக்குப் போட்டிருந்த வேலை 102ஐ எட்டும்போதெல்லாம் தராசுக் கூட்டில் இருந்து தொலைபேசி: “அண்ணை, ஸ்கிரீன் இறுகிப் போய் நிக்குது.” 102 இன் பக்கப் 4 நிமிடம்தான். லொறி தராசில் ஏறி நிற்கும்போது 4 நிமிடம் நீளம்.

ஏன் இறுகுகிறது? வீஎம் ஓடிக்கொண்டிருக்கப் பக்கப் எடுக்கும்போது, வீஎம் ஒரு புளொக்கை மாற்ற வந்தால், அதன் பழைய உள்ளடக்கம் முதலில் பக்கப்புக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகுதான் புதியது எழுதப்படும். அதாவது பக்கப் போகும் டிஸ்கின் வேகம் வீஎம்முக்குள்ளே வந்து உட்காருகிறது. என்விஎம்ஈ எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்த நேரம் அது யூஎஸ்பி டிஸ்கின் காலடியில். வேக வரம்பைக் குறைத்துப் பார்த்தது வீண். வேலை இன்னும் நீண்டதுதான் மிச்சம். மருந்து, 8.2 இல் வந்த ‘பிளீசிங்’. பக்கப் வேலையின் மேம்பட்ட தெரிவுகளில் அதை இயக்கி லோக்கல்-எல்விஎம்மைக் காட்டினால், பழைய புளொக் முதலில் உள் டிஸ்கில் ஒரு தற்காலிகப் படத்துக்குப் போகும், வீஎம் காத்திருக்காது, அங்கிருந்து மெல்ல யூஎஸ்பிக்கு இறங்கும். அதற்குப் பூலில் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். வேலை நேரத்தையும் அதிகாலை 1.30க்குத் தள்ளியாயிற்று. அதன் பிறகு தராசுக் கூட்டில் இருந்து அழைப்பு இல்லை.

பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. ஒரு இரவு கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, சேவர் தானாக எழும்பியது. யூஎஸ்பி டிஸ்க் எழும்பவில்லை. எந்த டிஸ்க் எங்கே ஏறவேண்டும் என்று சொல்லும் எப்எஸ்ராப் கோப்பில் ‘நோபெயில்’ போட்டிருந்ததால் சேவர் அதற்காகக் காத்திராமல் போய்விட்டது, அது சரிதான். ஆனால் டிஸ்க் ஏறவேண்டிய அடைவு வெறும் அடைவாக ரூட்டில் இருந்தது, 1.30க்குப் பக்கப் அதற்குள்ளேயே எழுதியது. 101 இன் 41, 102 இன் 3, பிறகு 103 இடம் முடியும்வரை. 96 ஜீபி ரூட் நிரம்பி, காலையில் இணையப் பக்கத்தில் உள்நுழையவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. டிஸ்கைக் கழற்றிச் செருகி மவுண்ட் செய்ததும் (அந்த அடைவில் ஏற்றியதும்) பிழையாக ரூட்டில் எழுதப்பட்ட கோப்புகள் மறைந்துவிட்டன. மீதி இடத்தைக் காட்டும் டிஎப் கட்டளை ரூட் 100 வீதம் என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ போட்டுத் தேடினால் 5 ஜீபிகூடக் கணக்கில் வரவில்லை. கோப்புகள் மவுண்டின் அடியில், பாய்க்குக் கீழே கிடக்கும் காசு மாதிரி. டிஸ்கை அன்மவுண்ட் செய்து அதே அடைவைத் திறந்தால் அங்கே இருந்தன. அழித்த பிறகு இரண்டு பூட்டு: சேமிப்பிட அமைப்பில் ‘இஸ்-மவுண்ட்பொயின்ற்’ என்பதை ‘யெஸ்’ ஆக்கினால், டிஸ்க் ஏறாவிட்டால் புரொக்ஸ்மொக்ஸ் அந்த இடத்தைத் தொடாது, வேலை பிழையோடு நிற்கும். அதற்கு மேல், டிஸ்க் இல்லாத நேரம் அந்த வெறும் அடைவுக்குச் சியட்டர் கட்டளையால் ‘ஐ’ (மாற்றமுடியாத) குறி போட்டால் ரூட் பயனரே நினைத்தாலும் அதற்குள் எழுத முடியாது. இவை இரண்டும் முதல் நாளே போட்டிருக்க வேண்டியவை.

கரண்ட் பக்கப்பின் நடுவில் போனால் வேறு இரண்டு எச்சம். வீஎம்மில் ‘பக்கப்’ பூட்டு அப்படியே நின்று அடுத்த வேலையைத் தடுக்கும். கியூஎம் அன்லொக் கட்டளையால் எடுக்க வேண்டும். பாதியில் நின்ற படம் ‘.dat’ என்று முடியும் பெயரில் கிடக்கும். பழையதை அழிக்கும் விதி அதைக் கணக்கில் எடுக்காது, கையால் அழிக்க வேண்டும், பிளீசிங் படம் ஏதும் எஞ்சியதா என்றும் பார்க்க வேண்டும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை இணைத்து நட் என்ற நிரலைப் போட்டதும் இது நின்றது: பற்றரி குறைந்ததும் சேவர் தானாக ஒழுங்காக நிற்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட 2025 பெப்ரவரி 9 மாதிரி நாளில் எந்த யூபிஎஸ்ஸும் பகல் முழுக்கத் தாங்காது. அது செய்ய வேண்டியது நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் தருவதுதான்.

இரண்டு டிஸ்கை மாற்றி மாற்றிச் செருகுவதில் ஒரு சின்னப் பிழை. எப்எஸ்ராப்பில் முதல் டிஸ்கின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்) எழுதியிருந்ததால் இரண்டாவது ஏறவில்லை. இரண்டுக்கும் ஈ2லேபல் கட்டளையால் ஒரே பெயர் வைத்து, யூயூஐடிக்குப் பதில் அந்த லேபலை எழுதியதும் எதைச் செருகினாலும் ஏறுகிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் செருகக்கூடாது. ஒவ்வொரு வெள்ளியும் ஒன்று பிஸ்கட் ரின்னுக்குள் கிளிநொச்சி ரவுணுக்குப் போகும், மற்றது வரும். உமித்தூசிக்கு ரின் நல்லது. ஒக்ரோபர், நவம்பர் இடிமின்னலுக்கு, எந்த வயரிலும் தொடுக்காமல் வேறிடத்தில் இருக்கும் டிஸ்குதான் பாதுகாப்பு. மின்னல் கரண்ட் வயரால் மட்டுமன்றி நெற்வேர்க் வயராலும் வரும்.

ஒரு நாள் இழப்பு கணக்குப் பொதிக்குப் பரவாயில்லை, தராசுக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 102க்குள் மணிக்கு ஒரு தரம் மரியாடிபி டம்ப், ஒற்றைப் பரிவர்த்தனைத் தெரிவோடு. 300 எம்பி, சுருக்கினால் 40. அது தராசுக் கூட்டுக் கணினிக்குப் போகும். இரவில் ஒன்று குறியாக்கத்தோடு 4ஜி வழியாக வெளியே போகும், ஒரு நிமிடம் சொச்சம். புரொக்ஸ்மொக்ஸின் சொந்த அமைப்பு எந்த வீஎம் பக்கப்பிலும் வராது. ஈரிசி-பிவிஈ அடைவு, நெற்வேர்க் கோப்பு, எப்எஸ்ராப் மூன்றையும் tar கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி அதே டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறது.

மீட்புச் சோதனை, 16 ஜீபி நினைவகமும் 500 ஜீபி எஸ்எஸ்டியும் உள்ள பழைய ஐ5இல். புரொக்ஸ்மொக்ஸ் நிறுவ 15 நிமிடம். 101க்கு 11, 102க்கு 2, 103க்கு 34 நிமிடம். ஒதுக்கிய 460 ஜீபி பூலைவிடப் பெரிது என்று எச்சரிக்கை வந்தது. உண்மையில் எழுதப்படுவது 219 என்பதால் அடங்கியது. மீதி நேரத்தைத் தின்றவை: 101 இன் சீடி டிரைவில் பழைய ஐஎஸ்ஓ மாட்டியிருந்தது, அந்தக் கோப்பு இங்கே இல்லாததால் வீஎம் எழும்ப மறுத்தது. சிபியூ வகை ‘ஹோஸ்ட்’ (பழைய சேவரின் சிபியூவை அப்படியே காட்டுவது) என்று இருந்ததைப் பொது வகைக்கு மாற்ற வேண்டி வந்தது. சோதனை என்பதால் நெற்வேர்க் அட்டையைத் தொடுப்பு அறுந்த நிலையில் வைத்தே எழுப்பியது; இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு தராசுச் சேவர் நிற்கும். தனிக் கோப்பு ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் இந்த வழியில் வசதி குறைவு: படத்தைப் பிரித்து, டிஸ்கை மவுண்ட் செய்துதான் எடுக்க வேண்டும், 103க்கு அரை மணிக்கு மேல்.

அடுத்த முறை உள் டிஸ்கை ஒன்றாக விடாமல் ஸெட்எப்எஸ் மிரரில் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும்) இரண்டு. வெளி டிஸ்க் 2.5 அங்குலம் வேண்டாம், சொந்த அடப்ரர் உள்ள 3.5 அங்குல சீஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது). சோதனைக்கு எடுத்த அந்த ஐ5ஐத் திருப்பிக் கொடுக்காமல் வைத்து, அதில் பக்கப் சேவரைத் தனியாக நிறுவ வேண்டும்; அப்போது வீஇசட்டம்ப் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் போதும். ஐ5இன் பவர் சப்ளை விசிறியில் உமித்தூசி அப்பிக் கிடக்கிறது, முதலில் அதைக் கழற்றித் தட்ட வேண்டும்.